சத்தம் போடாத லாரி

காலையிலேயே வந்திருப்பேன் ஐயா. வழியில் ஒரு சீனக் கிழவரின் மோட்டார் நின்றுபோய்க் கிடந்தது. பெட்ரோல் வரும் குழாயில் குப்பை அடைத்திருந்தது. கழற்றி ஊதி, ஓட்டிப் பார்த்து, அவரை அனுப்பி வைத்துவிட்டு வர வெயில் ஏறிவிட்டது. நின்றுபோன வண்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக எனக்கு வராது.

என் பெயர் மரியஜோசப். சிம்பாங் பூலாய்க்குத் தெற்கே, ரப்பர்ப் பால் எடுக்கும் கித்தா தோட்டத்தில் மெக்கானிக். ஐயாவுவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் லாரி டிரைவர். மண்டோர் பழனியப்பன் மேல் லாரியை ஏற்றிக் கொன்றுவிட்டான் என்று தண்டனை கொடுத்து, இங்கே பத்து காஜா ஊர் ஜெயிலில்தான் வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கு பற்றித்தான் பேச வந்தேன்.

நான் சொல்லச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்கும் இன்ஸ்பெக்டர் துரைக்கு ஆங்கிலத்தில் சொல்லப் போகிறீர்கள். எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள். அந்த லாரியின் எஞ்சினில் எந்தக் கோளாறும் கிடையாது. வழக்கில் எஞ்சினைத் திறந்து பார்க்க ஒரு ஆளைக் கூட்டி வந்தார்கள். அவன் ஒரு வால்வு கருகியிருப்பதைப் பார்த்துவிட்டு, இது கவனிப்பாரில்லாத எஞ்சின், இதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்குக்கு வேலை தெரியாது என்று கோர்ட்டில் சொன்னான். நீதிபதி துரையும் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த வால்வு ஏன் கருகியது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது அமெரிக்க லாரி. காம்பார் பக்கம் ஒரு ஈயச் சுரங்கத்தில் ஓடிக் களைத்து, பெருவெள்ளத்தில் சக்கரம் முங்க நின்று, அதற்கப்புறம் எங்கள் தோட்டத்துத் துரையின் கைக்கு வந்தது. எவ்வளவு தூரம் ஓடிய எஞ்சின் என்று காட்ட அதில் முள் எதுவும் இல்லை. சத்தமே சொன்னது.

எஞ்சின் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வால்வு என்பது எஞ்சினுக்கு மூக்குத் துவாரம் மாதிரி. திறந்து இழுக்கும், திறந்து விடும். அதைத் திறந்து மூடுவது கேம் ஷாப்ட் என்ற தண்டு. அந்தத் தண்டில் முட்டை வடிவத்தில் புடைப்புகள் இருக்கும். தண்டு சுற்றும்போது ஒவ்வொரு புடைப்பும் தன் மேல் உட்கார்ந்திருக்கும் இரும்புக் காலைத் தூக்கிவிடும். அந்தக் காலுக்கு டேப்பட் என்று பெயர். டேப்பட் வால்வைத் தூக்கும். டேப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். ஓடி ஓடித் தேய்ந்தால் அந்த இடைவெளி அகன்றுபோகும். அகன்றுபோனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரும்பு இரும்பை அடிக்கும். எங்கள் லாரியில் அது அடித்த அடியை லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் 'தறி' என்று சொல்லுவார்கள். தறி வருது, ஒதுங்கு என்பார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் லாரி வரும்போதே இந்தப் பக்கம் பால் வாளி சுமந்து வருகிறவர்கள் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். அமுக்கி ஊதும் ஆரனின் ரப்பர் பந்து வெடித்துப் போய் வெகு காலமாகியும் அதை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆரனுக்கு அங்கே வேலையே இல்லை.

எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. என் கை பட்ட வண்டி ஊரைக் கூட்டிக்கொண்டு வருகிறதே என்று கூசும். ஈப்போவில் நான் வேலை பழகிய பட்டறையில், ஓடுகிற எஞ்சின் மேல் தண்ணீர் நிறைந்த கிளாஸை வைத்துப் பார்ப்போம். தண்ணீர் ததும்பக் கூடாது. அப்படிப் பழகியவன் நான். தோட்டத்தில் அதெல்லாம் யாருக்குப் புரியும். துரையிடம் கேட்டு எஞ்சினைத் திறந்தேன். டேப்பட்டுகளின் அடி, சந்தனக் கல் மாதிரிக் குழிந்து கிடந்தது. கேமின் புடைப்புகள் மழுங்கிப் போயிருந்தன. இனி இவற்றைத் திரும்ப மாட்டுவதில்லை என்று எடுத்துத் தனியே வைத்தேன். ஈப்போ கடைக்குப் புதுச் சாமான் கப்பலில் வந்து சேர வேண்டியிருந்தது. அதுவரை லாரி கொட்டகையில் திறந்தபடி கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி அகதாவுக்குக் காய்ச்சல் வந்தது.

மலைக் காய்ச்சல் தோட்டத்தில் புதிதல்ல. கொய்னா மருந்து கொடுத்தோம். ஆனால் மறுநாள் காலையில் அவளுடைய சிறுநீர் கட்டங்காப்பி மாதிரிக் கறுத்துப் போயிற்று. மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெசர் வந்து பார்த்தார். "பத்து காஜா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. இத வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது" என்றார். அகதா நல்ல நினைவோடுதான் இருந்தாள்.

"என்னங்க, தறிச் சத்தமே காணோம்?" என்று கேட்டாள்.

"லாரி கழட்டிக் கெடக்குது அகதா."

"அப்ப எதுல போறது?"

வண்டி கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். தோட்டத்துத் துரை தன் மோட்டாரை எடுத்துக்கொண்டு தைப்பிங் போயிருந்தார். இருந்தது ஒரே மாட்டு வண்டி. லாரி இல்லாததால் ரப்பர் ஷீட்டையெல்லாம் அதில்தான் ரயிலடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது பாரம் ஏற்றி முடித்து மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். மண்டோர் பழனியப்பன் குடையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஆட்களை வேலைக்கு ஏவுகிறவர் அவர். துரை இல்லாத நாளில் அவர் சொன்னால்தான் எதுவும் நகரும்.

"மண்டோரே, பாரத்த எறக்குங்க. அகதாவுக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றேன்.

அவர் பதறினார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். "ஐயோ, இந்தச் சரக்கு நேத்தே போயிருக்கணும் சோசப்பு. இன்னிக்கும் ரயிலுக்குப் போகலேன்னா துரை என்னத் தொலைச்சிருவாரு. வண்டி மத்தியானத்துக்குள்ள திரும்பிரும். வந்த கையோட ஏத்திக்கிட்டுப் போலாம். நானும் கூட வாரேன்" என்றார். இன்னும் ஏதோ சொன்னார். அது இந்த வழக்குக்குத் தேவையில்லை.

வண்டி திரும்பியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மெத்தை போட்டு அகதாவைப் படுக்க வைத்தோம். பழனியப்பன் சொன்னபடியே கூட வந்தார். வழி நெடுக வண்டியோடு நடந்து அவள் முகத்தில் வெயில் படாமல் குடை பிடித்தார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு இன்னும் பாதி வழி இருந்தது. மாடுகளுக்கு அது தெரியாது. அவை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பழனியப்பன் அழுதார். எனக்கு அந்தக் குடையைப் பிடுங்கி அவர் வாயில் செருக வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை. நான் கையை ஓங்குகிறவன் அல்ல.

ஆனால் ஐயா, அந்தக் கோபம் அடங்கவில்லை. அவர் லயத்துப் பக்கம் பேசினால் என் கொட்டகைக்குக் கேட்கும். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், வெற்றிலை துப்புவார், சிரிப்பார். அவர் பெண்சாதி முத்தம்மா அவருக்குச் சோறு கட்டிக் கொண்டுவருவாள். நான் பானையில் நானே பொங்கி, நானே தின்றேன். ரம்பத்தை எடுத்தால் அறுப்பு கோணியது. ஒரு நட்டை முறுக்கினால் அது முறியும் வரை முறுக்கினேன். அகதா செத்தது ரப்பர் ஷீட்டுக்காக. அதை ஏற்றி அனுப்பியவர் அவர். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

அவர் துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தார். அப்போதுதான் கண்டுபிடித்தேன். நான் நகர்த்தி வைத்திருந்த நாற்காலி பழைய இடத்திலேயே இருப்பதாக நினைத்து உட்காரப் போனார். எதிரே நின்ற அகதாவின் தங்கை டோரிஸைப் பார்த்து, "வாங்க டிரெசரய்யா" என்றார். டோரிஸ் பேசியதும் சிரித்துச் சமாளித்தார். நான் அவர் கண்ணைக் கவனித்தேன். இரண்டு கண்ணிலும் பால் படர்ந்திருந்தது.

அதன் பிறகு தினமும் கவனித்தேன். ஆட்களைக் குரலை வைத்துத்தான் கூப்பிடுகிறார். தோட்டச் சாலையில் நடுவிலேயே நடக்கிறார், ஏனென்றால் ஓரத்தில் இருக்கும் கால்வாய் தெரியவில்லை. குருட்டு மண்டோரை எந்தத் துரையும் வைத்துக்கொள்ள மாட்டார், அதனால் மறைத்து வைத்திருக்கிறார். லாரி ஓடிய காலத்தில் அவர் எப்படி நடந்தார் என்று நினைத்துப் பார்த்தேன். நடுச் சாலையில் போவார். தறிச் சத்தம் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓரத்துக்கு நகர்ந்து நிற்பார். லாரி போனதும் மறுபடி நடுவுக்கு வருவார். அவர் காதுதான் அவருக்குக் கண்.

ஈப்போ கடையிலிருந்து சாமான் வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். நானே போனேன். கடை முதலாளியான சீனத் தவுக்கே மூன்று விதத்தைப் பலகை மேல் பரப்பி வைத்தார்.

முதலாவது, பழையதைப் போலவே ஒரே துண்டாக வார்த்த டேப்பட். அதை மாட்டினால் வால்வின் காம்பை அராவித்தான் இடைவெளியைச் சரி செய்ய வேண்டும். கொஞ்ச நாளில் மறுபடி தட்டத் தொடங்கிவிடும். இரண்டாவது, சுரங்க லாரிகளுக்கென்று வந்த கேம் ஷாப்ட். புடைப்பு செங்குத்தாக, உயரமாக இருக்கும். வால்வைச் சட்டென்று திறந்து அதிக நேரம் திறந்தே வைக்கும். பாரத்தோடு மேடு ஏறுகிற லாரிக்கு அதைப் போல இழுவை வேறு எதுவும் தராது. ஆனால் மத்தளம் மாதிரிச் சத்தம் போடும். மூன்றாவது, புடைப்பின் இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்த கேம். வால்வை அது இடிக்காது; தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி, அதே மாதிரி இறக்கி வைக்கும். அதற்கு ஜோடியாக, தலையில் திருகாணி வைத்த டேப்பட். ஸ்பேனரைக் கொஞ்சம் திருப்பினால் இடைவெளியைக் கூட்டலாம், குறைக்கலாம். கேமைச் சுழற்றும் பல்சக்கரம்கூட இரும்பில்லை. நார் இறுக்கிச் செய்தது. துளிச் சத்தம் வராது. பணக்காரர்களின் மோட்டாருக்காக வந்தது.

"மானா சாத்து மாவ்?" என்று தவுக்கே கேட்டார். எது வேண்டும் என்று. அவராகவே இரண்டாவதைத் தட்டிக் காட்டினார். அவர் சொன்னது சரி. எங்கள் மேடுகளுக்கும் எங்கள் பாரத்துக்கும் நேர்மையான மெக்கானிக் எவனும் இரண்டாவதைத்தான் எடுப்பான். நான் மூன்றாவதைக் கையில் எடுத்து, கேமின் சரிவை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. அகதா செத்த பிறகு முதல் தடவையாக அன்றைக்குத்தான் என் கை நான் சொன்னபடி கேட்டது.

வேலையைச் சுத்தமாகச் செய்தேன். அதை யாரும் குறை சொல்ல முடியாது. தண்டைத் தாங்கும் தேய்ந்த புஷ்களை மாற்றினேன். கேமை இறக்கி, டேப்பட்டுகளுக்கு எண்ணெய் தடவி உட்கார வைத்தேன். இடைவெளி அளக்க ஒரு மெல்லிய தகடு உண்டு. அது டேப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவே லேசாக இழுபட்டு வர வேண்டும் என்பது கணக்கு. நான் அந்தத் தகடு நுழையாதபடி இறுக்கினேன். ஒரு தாள்கூட நுழையாது. இங்கேதான் ஐயா, கோர்ட்டில் சொன்ன ஆள் தவறு செய்தான். இப்படி இறுக்கினால் எஞ்சின் சூடாகும்போது வால்வின் காம்பு நீண்டு, வால்வு சரியாக மூடாது. நெருப்பு கசிந்து விளிம்பு கருகும். இது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் இறுக்கினேன். தட்டுவதற்கு இடமே வைக்கக் கூடாது என்று இறுக்கினேன். கருகிய வால்வை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து கழற்றித் தேய்த்துப் போட்டுவிடுவேன். யாருக்கும் தெரியாமல் அவ்வளவு கவனிப்பு அந்த எஞ்சினுக்குக் கொடுத்தேன். கவனிப்பாரில்லாத எஞ்சினாம்.

முதல் ஓட்டத்தில் ஐயாவு இறங்கி முன்னால் வந்து பார்த்தான். "அண்ணே, ஓடுதா நிக்குதான்னே தெரியல லா" என்று சிரித்தான். நல்ல பையன் ஐயாவு. பெட்ரோல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் எஞ்சினை மெதுவாக விட்டு லாரியை உருட்டிக்கொண்டு வருவது அவன் பழக்கம். முன்பு அப்படி வந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். இப்போது அந்த இறக்கத்தில் லாரி வந்தால் மரத்தில் உட்கார்ந்த புறா பறக்காது.

கொஞ்ச நாளில் அவனே வந்து கேட்டான். "அண்ணே, ஆளுங்க ஒதுங்க மாட்டேங்கிறாங்க. பயமா இருக்கு. ஆரனுக்கு ஒரு பந்து போட்டுக் குடுங்க."

"சொல்லி இருக்கேன். வரும்" என்றேன்.

கித்தா தோட்டத்தில் ஒரு ரப்பர் பந்து கிடைக்கவில்லை. அதை ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் அடிபட்டது இருளாயி. பால் வெட்டுகிறவள். காவடிக் கட்டையில் இரண்டு வாளி பாலோடு வந்தவளை, இறக்கத்து வளைவில் லாரி பின்னாலிருந்து தட்டிவிட்டது. இடுப்பெலும்பு நொறுங்கியது. சாலை முழுக்கப் பால் கொட்டிக் கிடந்தது என்றார்கள். ஐயாவு மூன்று வேளை சோறு தின்னவில்லை. நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்தேன். "ஒரு சத்தமும் இல்லண்ணே. என் மூச்சுச் சத்தந்தான் கேட்டுச்சு. அப்புறம் வானம் தெரிஞ்சுது" என்றாள். நான் அவளிடம் விவரமாகக் கேட்டேன். தரை ஈரமா, காய்ந்த இலை கிடந்ததா, எவ்வளவு கிட்டே வந்த பிறகு உணர்ந்தாள் என்று. பாவம், அக்கறையாகக் கேட்கிறேன் என்று நினைத்துச் சொன்னாள். தரை ஈரமாக இருந்தால் சக்கரச் சத்தமும் இருக்காது என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போதே இடைவெளியைத் தளர்த்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். இருளாயிக்கு நடந்ததற்கு நான் வருத்தப்பட்டேன். ஆனால் அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அது அவளுக்காகச் செய்த வேலை அல்ல.

அதற்கு அப்புறம் ஒரு மத்தியானம் பழனியப்பன் என் கொட்டகைக்கு வந்தார். வாசலில் நின்று, "சோசப்பு, உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

"யாரும் இல்ல மண்டோரே."

மரப் பெட்டியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் குடைக் கம்பை உருட்டிக்கொண்டிருந்தார். "எனக்குக் கண்ணு போச்சுப்பா" என்றார். "மங்கிக்கிட்டே வந்து, இப்ப வெளிச்சமும் நெழலும் மட்டுந்தான். முத்தம்மாவுக்குக்கூட முழுசாத் தெரியாது. துரைக்குத் தெரிஞ்சா கப்பலேத்தி விட்டுருவான். ஊர்ல எனக்கு யாரு இருக்கா? இருளாயிக்கு அடிபட்டதுல இருந்து சாலையில எறங்கவே காலு வர மாட்டேங்குது. அந்த லாரி பழையபடி கொஞ்சம் சத்தம் போட்டாப் போதும் எனக்கு. காத வச்சுப் பொழச்சுக்குவேன். ஒனக்கு அது ஒரு திருப்பு வேலைதான்னு ஐயாவு சொன்னான்."

உண்மைதான். ஒரு திருப்பு. ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது. தன் ரகசியத்தை நம்பி என்னிடம் சொன்ன மனிதர். ஒரு கணம் நானும் யோசித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. அவர் அத்தோடு எழுந்து போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் போகவில்லை.

"சத்தம்னா ஒனக்கு ஏன்பா இவ்வளவு வெறுப்பு" என்றார். "அன்னிக்கும் நான் சொன்னேன். வண்டியில மாடு பூட்டுறப்ப. ஐயாவுவ வச்சு ரெண்டு பேருமாப் பழசையே மாட்டிருங்க, லாரியிலயே அந்தப் புள்ளையக் கொண்டு போயிருவோம், தட்டுனாத் தட்டிட்டுப் போகட்டும்னு. தேஞ்ச சாமான நான் மாட்ட மாட்டேன்னுட்ட. நீ மட்டும் கேட்டிருந்தா..." கை இரண்டையும் கூப்பினார். "நான் ஒன்னக் குத்தம் சொல்லலப்பா. ஒனக்கு இல்லாத துக்கமா."

குற்றம் சொல்லவில்லையாம்.

என் கொட்டகையில், என் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, என்னிடம் பிச்சை கேட்டு வந்த இடத்தில், அந்தக் குருட்டுக் கிழவர் என்னை மன்னிக்கிறார். வண்டியைக் கொடுக்காதவர். ரப்பர் ஷீட்டை ஏற்றி அனுப்பியவர். கையிலிருந்த ஸ்பேனரைப் பலகை மேல் வைத்தேன். மிக மெதுவாக வைத்தேன், சத்தம் வராமல்.

"சரி மண்டோரே. இன்னிக்குச் சாயங்காலமே லூசா விட்டுடுறேன். நாளைக்குக் காலையில இருந்து பழையபடி தறிச் சத்தம் கேக்கும். நீங்க பயப்படாம நடங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சாயங்காலம் லாரி வந்ததும் மூடியைக் கழற்றினேன். எட்டு டேப்பட்டையும் பார்த்தேன். ஒன்றில் மட்டும் லேசாகத் தளர்வு இருந்தது. அதையும் இறுக்கினேன். அன்றிரவு நல்ல மழை.

காலையில் தரை ஈரமாக இருந்தது. பெரட்டு முடிந்து பழனியப்பன் சாலையில் இறங்குவதைக் கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். இருளாயிக்கு அடிபட்ட நாளிலிருந்து ஓரம் தேடித் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தவர், அன்று குடையை வீசி நட்ட நடுவே நடந்தார். ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்துக்கொண்டு போனதாக முத்தம்மா பிறகு சொல்லி அழுதாள். நான் உள்ளே வந்து ஒரு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காது கொடுத்துக் கேட்டேன். லாரி மேட்டில் ஏறியதோ இறங்கியதோ எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நல்ல வேலை அது. பிறகு பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

ஐயாவு கத்தியிருக்கிறான். வளைவு திரும்பியதும் கத்தினானாம், பிரேக்கை மிதித்தானாம். ஈரமண் வழுக்கிவிட்டது. "அவரு ஒதுங்கிருவாருன்னு நெனச்சேன் அண்ணே. எப்பவும் ஒதுங்குவாருல்ல" என்று, நான் அங்கே போனதும் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் குனிந்து பார்த்தேன். பழனியப்பன் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் லாரி நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் அணையவில்லை. அவ்வளவு குழப்பத்திலும் அது ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் அணைத்தேன்.

வழக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆரன் இல்லாத லாரியை ஓட்டியது, இறக்கத்தில் உருட்டிவிட்டது, கவனிப்பாரில்லாத எஞ்சினை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தது, எல்லாம் ஐயாவு தலையில் விழுந்தன. அவன் பெண்சாதி ராக்காயி என் வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, அவரு ஒங்ககிட்ட ஆரன் கேட்டாருன்னு" என்றாள். கேட்டால் சொல்கிறேன் என்றேன். கோர்ட்டில் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நானாக எப்படிச் சொல்வது?

பூசை வைக்கும் சாமியாரிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. அவருக்கு எஞ்சின் தெரியாது. தெரியாதவர்களிடம் சொன்னால் கொலை என்ற ஒரு சொல்தான் காதில் விழும். உங்களுக்கும் எழுதிக்கொள்ள அந்தச் சொல் வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். பழனியப்பனைக் கொன்றது நான். என் வாயால் அவரை நடுச் சாலையில் நடக்க வைத்து, என் கையால் லாரியின் வாயை அடைத்தேன். இருளாயி இடுப்பும் என் கணக்குதான். ஐயாவுவை விட்டுவிடுங்கள். கையெழுத்துப் போடச் சொல்லும் இடத்தில் போடுகிறேன். வால்வு கருகியதற்குக் காரணம் இடைவெளியை இறுக்கியதுதான், வேலை தெரியாமல் அல்ல என்பது மட்டும் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் துரை என்னவோ கேட்கிறாரே. என்ன கேட்கிறார்?

பழைய டேப்பட்டுகளையே திரும்ப மாட்டியிருந்தால் அன்றைக்கு லாரி ஓடியிருக்குமா என்றா?

ஓடியிருக்கும். மெக்கானிக் என்ற முறையில் நான் பொய் சொல்லக் கூடாது. ஐயாவுவும் நானும் காலையில் உட்கார்ந்து மாட்டியிருந்தால், மாட்டு வண்டி ரயிலடியிலிருந்து திரும்புவதற்கு வெகு முன்னாலேயே லாரி பத்து காஜா ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கும்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள் ஐயா, அந்தச் சத்தத்தோடு, ஊரெல்லாம் திரும்பிப் பார்க்க, என் அகதாவை நான் எப்படி ஏற்றிக்கொண்டு போவேன்?